அரிவாளின் மழுங்கிய பக்கம்

தம் மனைவியைக் கொன்றவன் யார் என்று கண்டுபிடித்துத் தரும்படி ஆறுமுகநயினார், மரங்களுக்குப் பட்ட காயங்களை விசாரிக்கும் மரக்காய அலுவலகத்துக்கு அனுப்பிய மனு பதினாறு பக்கம். அதில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. தபாலில் சேர்க்கும் முன் மூன்று தடவை சரிபார்த்திருந்தார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன் துக்கத்தை எழுதிய தாளில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அவரைப் பற்றி வேறென்ன சொல்ல?

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தோரு வருஷம் பிழைதிருத்தியவர் அவர். பாடநூல், பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் அவர் சிவப்பு மையைத் தாண்டித்தான் வெளியே போயின. ஓய்வு பெற்ற பிறகு திருத்த ஆளில்லாமல் தெருவைத் திருத்த ஆரம்பித்தார். பால் பாக்கெட், பஸ் பலகை, பக்கத்துக் கடைக்காரன் மைதீன் பிச்சையின் பேனர் எதுவும் தப்பவில்லை.

மனைவி உலகம்மையும் தப்பவில்லை. அவள் கைப்பேசியில் தட்டச்சு செய்து அனுப்பும் செய்திகளைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுக் குரலாகப் பேசி அனுப்ப ஆரம்பித்தாள். "இதுல எங்க கோடு போடுவீங்கன்னு பாப்போம்" என்பதுதான் முதல் குரல் செய்தி. அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு அழித்தார். கைப்பேசி நிறைந்துவிடக் கூடாது என்பது அவர் கொள்கை. கேட்ட கையோடு அழித்துவிடுவார். அப்படியே ஆறு வருஷம் அழித்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஓர் இலைகூட அசையாத புதன்கிழமை காலை, உலகம்மை கீரை வாங்க வாசலுக்குப் போனாள். வாசலில் நின்ற மாமரத்தின் உள்ளழுகிய கீழ்க்கிளை முறிந்து அவள்மேல் விழுந்தது. அவளும் போனாள், அவள் கைப்பேசியும் போனது. அவர் அப்போது உள்ளே யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையைத் திருத்திக்கொண்டிருந்தார். இப்போது அவரிடம் அவளுடைய படங்கள் நிறைய இருக்கின்றன. குரல் ஒன்றுகூட இல்லை.

மனுவில் அவர் கேட்டவை இரண்டு. கிளையை அழுக வைத்தவன் பெயர் வேண்டும். பெயர் தெரிந்த பின் அந்த மரத்தை வேரோடு எடுக்க வேண்டும்.

பெயர் கேட்பது பேராசையாக இருந்த காலம் போய்விட்டது. காயவாசிப்புக் கருவி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மரத்தில் காயம் பட்டதும் அங்கே பிசின் ஊறுகிறது. அது இறுகுவதற்குள் சுற்றுவட்டாரச் சத்தங்களின் அதிர்வு அதில் பதிந்துவிடுகிறது. மரம் அதன்மேல் வளையம் வளையமாக வளர்ந்து, பதிந்ததைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்கிறது. ஊசியை அந்த அடுக்குவரை இறக்கினால் காயம் பட்ட நேரத்துச் சத்தம் கிடைக்கும். ஆணி அடித்தவன் இருமியது கிடைக்கும். வெட்டியவன் வைதது கிடைக்கும்.

இதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. மரத்தைக் காயப்படுத்திய கடைக்காரர்கள் கடையை மூடினார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். கூடவே ஊருக்கு வேறொரு கிலியும் பிடித்தது. மரத்துக்குக் காது கேட்கும் என்று தெரிந்ததும் ஜனங்கள் மரத்தடியில் பேசுவதை நிறுத்தினார்கள். ஒரு வேப்பமரத்தில் பதினெட்டு வருஷத்துக்கு முன் பெயர் செதுக்கிய ஒரு பேராசிரியர், செதுக்கும்போது கூட நின்று சிரித்த குரல் தம் மனைவியுடையது அல்ல என்று நிரூபணமாகி, இப்போது லாட்ஜில் தங்கியிருக்கிறார். பஞ்சாயத்துகள் கூடும் ஆலமரத்தடிகள் காலியாகிவிட்டன.

நயினார் மட்டும் நிம்மதியாக இருந்தார். அவர் எந்த மரத்தையும் தொட்டதில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பியூலா வந்தது ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. மரக்காய அலுவலகத்தின் வாசிப்பாளர். முப்பது வயதிருக்கும். ஸ்கூட்டரில் பின்னால் கட்டியிருந்த பெட்டியை இறக்கி, பெல்ட் போன்ற ஒன்றை மாமரத்தின் இடுப்பில் சுற்றினாள்.

மைதீன் பிச்சை தன் கடையிலிருந்து மூன்று டம்ளர் டீயோடு ஓடி வந்தான். ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. கடைக்கு வழி காட்டும் பலகையை மாமரத்தில்தான் அறைந்திருந்தான். மனுவின் நான்காம் பக்கம் முழுக்க அவன்தான். இரண்டு வருஷமாகத் தினமும் அவரைக் கண்டதும் எழுந்து நிற்கிறான். அவர் தினமும் பலகையை முறைத்துவிட்டுப் போகிறார்.

"டீ குடிங்க அண்ணாச்சி. மேடம், நீங்களும். சீனி போடல."

"ஏம் போடல?" என்றாள் பியூலா.

"பதட்டத்துல மறந்துட்டேன் மேடம்."

அவள் சிரித்துக்கொண்டே சிறிய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்தாள். "இதை மரத்துலேருந்து பத்தடி தள்ளி வைக்கணும்னு விதி. உங்க காம்பவுண்டுல ஒரு கொக்கிகூட இல்லையே சார்."

"சுவத்துல ஆணி அடிக்கிறது எனக்குப் பிடிக்காதும்மா."

"அப்ப இவரு அடிச்ச ஆணிலயே மாட்டிருதேன்" என்று, பிச்சையின் பலகைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த பெரிய ஆணியில் ஸ்பீக்கரை மாட்டினாள். பிச்சைக்கு முகம் செத்துவிட்டது.

முதலில் அந்த ஆணியைத்தான் வாசித்தாள். ஊசி விர்ரென்று இறங்கியது. ஸ்பீக்கரில் சுத்தியல் சத்தம். பிறகு பிச்சையின் குரல், ஒன்பது வருஷம் இளையது.

"சீக்கிரம் அடிச்சு முடி மாப்ள. நயினார் அண்ணாச்சி வந்தா ஆணியக் கேக்க மாட்டாரு, போர்டுல பிழை இருக்குன்னுதான் நிப்பாரு. அந்த மயினி எப்படித்தான் குடும்பம் நடத்துதோ, பாவம்."

பியூலா ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தாள்.

"அண்ணாச்சி, அது சும்மா..." என்றான் பிச்சை.

"போர்டுல பிழை இருக்கத்தானே செஞ்சுது" என்றார் நயினார். மனு எழுதும்போது, மரம் மற்றவர்களின் வாயைத்தான் திறக்கும் என்று நினைத்திருந்தார். அவரைப் பற்றியும் அது கேட்டிருக்கும் என்பது தோன்றவே இல்லை.

பியூலா திரையைப் பார்த்தாள். "ஆணியால கிளை விழல சார். ஆணியச் சுத்தி மரம் சுவரு கட்டிடுச்சு. துரு விரக்கடை அளவுக்குத்தான் போயிருக்கு."

"ஆறிப்போச்சா?"

"மரத்துக்கு ஆறுறதுன்னு ஒண்ணு கிடையாது சார். நமக்குத் தோல் கிழிஞ்சா அதே இடத்துல புதுசா வளரும். மரத்துக்கு அது முடியாது. கெட்ட இடத்தைச் சுத்தி அடைச்சு வெச்சுட்டு, அதுக்கு மேல வளந்துக்கிட்டே போகும். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. உள்ள அது அப்படியேதான் இருக்கும்."

நயினார் டீயைக் குடித்தார். சீனி இல்லாதது இப்போதுதான் தெரிந்தது.

"அழுகல் ஆரம்பிச்சது மேல. முறிஞ்ச கிளையோட கழுத்துல" என்று பியூலா நயினார் வீட்டு ஏணியைச் சாத்தி ஏறினாள். "இங்க என்ன சார், சிமெண்டு?"

நயினார் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு பொந்து இருந்துது. பூச்சி போகக் கூடாதேன்னு பூசி அடைச்சேன். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துது."

"எந்தப் புத்தகம்?"

வீட்டுத் தோட்டம் பற்றிய கையேடு அது. அவரே பிழைதிருத்திய நூல். நூற்றிருபது பக்கத்தில் ஒரு புள்ளி விலகியிருக்காது. சொன்ன யோசனைதான் தப்பு.

"சிமெண்டு பூசுனா தண்ணி வெளிய வர வழியில்லாம உள்ளேயே நிக்கும் சார். அழுகல் வேகமாப் போகும். இப்ப யாரும் அதைச் செய்யறதில்லை." அவள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா பொந்து முதல்ல வந்ததுக்கு வேற காரணம் இருக்கு. சிமெண்டுக்குப் பின்னால ஒரு வெட்டு தெரியுது. பத்தொன்பது வருஷம் முந்தி. ஆழமான வெட்டு."

நயினாருக்கு நினைவு வந்தது.

கன்று வைத்து ஏழு வருஷமாகியும் மரம் ஒரு பிஞ்சு விடவில்லை. உலகம்மையின் ஊரில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ஒருவர் அரிவாளோடு வந்து, வெட்டப்போவதாக மரத்தை மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே விழுந்து, அடுத்த வருஷம் காய்க்கும் என்று மரத்துக்காகப் பிணை நிற்க வேண்டும். மிரட்டுகிறவர் அரிவாளின் மழுங்கிய பக்கத்தால் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விட வேண்டும். மழுங்கிய பக்கம் என்பது முக்கியம். அவள் படித்துப் படித்துச் சொன்னாள். அவர்தான் கேட்கவில்லை. செய்தால் சரியாகச் செய்ய வேண்டும், மழுங்கிய பக்கத்துக்கு எந்த மரம் பயப்படும் என்றார். வாழ்நாளில் ஒரு செடியைக்கூட அதட்டியிராத மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டி, கூர்ப்பக்கத்தால் ஓங்கி ஒரே போடு போட்டார். அரிவாள் சிக்கிக்கொண்டு கால் மணி நேரம் வரவில்லை.

அடுத்த வருஷம் மரம் காய்த்தது. அவர் பத்து வருஷம் அதைச் சொல்லிக் காட்டினார்.

"சார்" என்றாள் பியூலா. "ஒரு அடுக்கை ஒரு தடவைதான் வாசிக்க முடியும். ஊசி சூட்டுல பிசின் கரைஞ்சிரும். அப்புறம் கருவியில இருக்கிற பதிவு மட்டும்தான். ஆணியையும் சிமெண்டையும் மட்டும் எழுதிக்கூட ரிப்போர்ட்டை முடிச்சிரலாம். சிமெண்டு புத்தகம் சொன்னது, தெரியாம செஞ்சதுன்னு போயிரும். மிச்சப் பழி ஆணி அடிச்சவருக்கு வரும்."

பிச்சை டம்ளர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். பிறகு பிரித்தான்.

"வாசிங்க" என்றார் நயினார்.

ஊசி வெகுநேரம் இறங்கியது. முதலில் ஒரு பெரிய சத்தம், கதவை அறைந்தாற்போல. அதை அடுத்து ஓர் ஆணின் குரல், நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவன் பேசுவதுபோல: "இந்த ஆண்டும் நீ காய்க்கவில்லையெனில் உன்னை வெட்டி வீழ்த்துவேன்!"

பிச்சை வாயைப் பொத்திக்கொண்டான். மரத்தை மிரட்டும்போதுகூட அவர் இலக்கணத்தமிழில்தான் மிரட்டியிருந்தார்.

பிறகு அந்தக் குரல் வந்தது. நயினார் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயையோ, வெட்டிராதீங்க! அடுத்த வருஷம் காய்க்கும். நான் பொறுப்பு. இதுக்கு என்ன வந்தாலும் நான் பொறுப்பு." சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். "என்னங்க இது, நெசமாவே வெட்டிட்டீங்க? மழுங்குன பக்கம்னு சொன்னேம்லா? இழுங்க, இழுங்க. சரி, நீங்க உள்ள போங்க. நான் எடுத்துக்கிடுதேன்."

செருப்புச் சத்தம் விலகியது. தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

"கோவிச்சுக்காத" என்றாள் உலகம்மை, மரத்திடம். "அவுகளுக்குக் கோவப்படத் தெரியாது. இன்னைக்குத்தான் பழகுதாவ. நீ காய்க்காட்டாலும் இரி. மாங்கா மார்க்கெட்டுல கெடைக்கும். நெழலு கெடைக்குமா?"

அத்தோடு முடிந்தது.

நயினார் தெருவில் கிடந்த கல்லின்மேல் உட்கார்ந்தார். அழவில்லை. "எம் பேரை எழுதிக்கோங்கம்மா. ஆறுமுகநயினார். நடுவுல இடைவெளி கிடையாது" என்றார்.

பியூலா தட்டினாள். கருவி சிணுங்கியது. மறுபடி தட்டினாள்.

"எடுக்க மாட்டேங்குது சார். மனு கொடுத்தவரும் குற்றவாளியும் ஒரே ஆளா இருக்கக் கூடாதாம்." திரையை உற்றுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "அதுவா ஒரு பேரைப் போட்டிருச்சு."

"யாரு பேரு?"

"சார், காயம் பட்ட நேரத்துல யாராவது 'நான் பொறுப்பு'ன்னு வாய்விட்டுச் சொல்லியிருந்தா அவங்க பேருதான் முதல்ல ஏறும். மேஸ்திரி சொல்லித்தான் கூலிக்காரங்க வெட்டுறாங்க, பழி அவங்க மேல விழக் கூடாதுன்னு கொண்டுவந்த விதி. நல்ல விதிதான்." திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மரத்தைக் காயப்படுத்தியவர்: உலகம்மை. காலமானார். வழக்கு முடிவுற்றது.

"மனுவுல இருக்கிற ஒரே பெண் பேரு அம்மாவோடதுதான் சார், பெண்குரலுன்னதும் அதை எடுத்துக்கிச்சு. இப்படியே விட்டா யாருக்கும் தண்டனை இல்ல. நீங்க கேட்டபடி மரத்தை எடுத்திருவாங்க. அம்மா பேரைக் குற்றவாளின்னு தெருப்பலகையில ஒட்டுவாங்க. பதிவோட நகலு உங்களுக்குக் கிடைக்கும்."

"நகலுன்னா?"

"இந்தக் குரலு சார். சாகற வரைக்கும் நீங்க வெச்சுக்கலாம்."

"வேண்டாம்னா?"

"மனுவைத் திரும்ப வாங்கணும். வாங்கினா பதிவை உடனே அழிக்கணும்னு சட்டம். கருவியே அழிச்சிரும். மரம் நிக்கும்."

பிச்சை பக்கத்தில் வந்து குந்தினான். "அண்ணாச்சி, நகல வாங்கிக்கோங்க. மயினி ஒண்ணும் நெனைக்க மாட்டாவ. இருந்தாவன்னா அவியளே கையெழுத்துப் போட்டிருப்பாவ."

"போட்டிருப்பா" என்றார் நயினார். "அவ அப்படித்தான். நான் வெட்டுவேன், அவ பொறுப்பு ஏத்துக்கிடுவா. ஊருக்கே தெரியும், எனக்குத்தான் இன்னைக்கு அச்சுல வந்திருக்கு."

முப்பத்தோரு வருஷத்தில் அவர் கையைத் தாண்டிப் பல தப்புகள் போயிருக்கலாம். ஆள் மாறி ஒரு பெயர் அச்சேறியதில்லை. குரலை எண்ணிப் பார்த்தார். இரவெல்லாம் போட்டுப் போட்டுக் கேட்கலாம். தெருப்பலகையில் அவள் பெயர் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கும், இவர் உள்ளே படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"இன்னொரு தடவை போடுங்கம்மா" என்றார். "அப்புறம் மனுவைத் திரும்ப வாங்கிக்கிடுதேன்."

பியூலா ஒலியைக் கூட்டி வைத்தாள். ஐயையோ வெட்டிராதீங்க என்பதிலிருந்து நெழலு கெடைக்குமா என்பது வரை மாமரத்தடியில் உலகம்மை மறுபடி பேசினாள். நயினார் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. முடிந்ததும் திரையில் விரலை வைத்துக் கையெழுத்திட்டார். கருவி ஒரு சின்னச் சத்தம் போட்டு எல்லாவற்றையும் அழித்தது. ஆறு வருஷம் அவர் அழித்தபோதும் இதே மாதிரியான சத்தம்தான் வந்தது.

பியூலா ஊசியை மெல்ல வெளியே எடுத்தாள். பெல்ட்டைக் கழற்றினாள். ஸ்பீக்கரை எடுக்க ஆணியிடம் போனவள் அப்படியே நின்றாள்.

"பத்தடி தள்ளி வைக்கணும்" என்று தனக்குள் சொன்னாள்.

"என்னம்மா?"

"ஸ்பீக்கரை ஏன் மரத்துல மாட்டக் கூடாதுங்கறாங்கன்னா..." ஏணிக்கு மேலே கையைக் காட்டினாள். ஊசி இறங்கிய இடத்தில் தேன்நிறத்தில் பிசின் பொட்டாகத் திரண்டிருந்தது. "ஊசியும் ஒரு காயம்தானே சார். அதுவும் கேக்கும். அம்மா ரெண்டாம் தடவை பேசினப்போ இது ஊறிக்கிட்டிருந்துது. அதும் ஆணி வழியா நேரே மரத்துக்குள்ளயே போயிருக்கு."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அப்ப திரும்ப எடுக்கலாமா?" என்றான் பிச்சை.

"அதுமேல நாலு வளையம் வளரணும். அப்புறம் எடுக்கணும்னா இன்னொரு ஓட்டை போடணும்." பெட்டியை மூடினாள். "நான் இதை ரிப்போர்ட்டுல எழுதல. விதிமீறல் என்னோடது. இன்னும் பத்து நிமிஷம் ஈரமா ஒட்டும், இறுகிட்டா கேக்காது. அதுவரைக்கும் பாத்துப் பேசுங்க."

ஸ்கூட்டர் போனதும் பிச்சை கடைக்கு ஓடி ஒரு கொறடோடு வந்தான். "பிடுங்கிருதேன் அண்ணாச்சி. மனசு கேக்கல."

"தொடாத வே. பிடுங்கினா அது கட்டுன சுவரு உடைஞ்சிரும். இருக்கட்டும்."

"போர்டு?"

"போர்டைக் கழத்திக்கோ. அதுல ரெண்டு..." என்று ஆரம்பித்தவர், மேலே பிசினைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பிச்சை பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு டம்ளர்களோடு போனான்.

தெருவில் ஆளில்லை. நயினார் ஏணியில் இரண்டு படி ஏறி நின்றார். எது சொன்னாலும் அவள் பேச்சுக்கு அடுத்த வரியாக அது பதியும். நல்ல வாக்கியமாக இருக்க வேண்டும். மனசுக்குள் ஒன்றை அமைத்தார், நீளமாக இருந்தது. ஒரு சொல்லை எடுத்தார். எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்தார். அது பொருந்தவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். கீரைக்காரி தெருமுனையில் திரும்பி, கூவிக்கொண்டே வந்து, அவர் ஏணியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனாள்.

கடைசியில் வந்தது ஒரு வரி.

"மழுங்குன பக்கம்தான் சரி, உலகம்ம. நீ சொன்னதுதான் சரி."

சொல்லிவிட்டுப் பிசினைப் பார்த்தார். எறும்பு ஒன்று அதன்மேல் ஏறி, ஒட்டிக்கொள்ளாமல், அந்தப் பக்கம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.